பக்கத்தின் வலது பாதி

பிள்ளை பிறந்த ஐந்தாவது மாதம் நான் இணையப் பக்கம் செய்கிற எச்.டி.எம்.எல். படிக்கப் போனேன். புதுக்கடைச் சந்திப்பில் ஒரு துணிக்கடைக்கு மேலே இருந்தது அந்தக் கம்ப்யூட்டர் சென்டர். பிள்ளைக்குப் பால் கொடுத்து அம்மாவிடம் விட்டுவிட்டு, தேங்காய்ப்பட்டணத்திலிருந்து மதியப் பேருந்தில் வருவேன். சரியாகத் தூங்கி மாதக்கணக்கான உடம்பு. வெளியே மழை பெய்யும், உள்ளே மின்விசிறி சுற்றும், திரையில் நான் தட்டிய எழுத்துகள் பாதிக் கண்ணில் மிதக்கும். அங்கே நடந்ததில் எது பாடம், எது கனவு என்று இன்றைக்கும் சரியாகப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

படிப்பு ஆசையெல்லாம் ஒன்றும் இல்லை. என் வீட்டுக்காரர் சவுதியில் இருந்தார். பிள்ளை பிறக்கும் முன்பே போனவர், அவள் முகத்தைப் பார்த்ததில்லை. அவர் வேலை பார்த்த கிடங்கில் ஒரு கம்ப்யூட்டர் உண்டு. சாப்பாட்டு நேரத்தில் அதில் இணையம் பார்க்கலாம், மின்னஞ்சல் மட்டும் திறக்காது. அந்த மாதக் கடைசியில் அவருடைய ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போடுவதா, ஊருக்கு வருவதா என்று யோசித்துக்கொண்டிருந்தார். வாருங்கள் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு வீம்பு ஜாஸ்தி. போகும்போது என்னைக் கேட்டா போனார்? பிள்ளையின் முகத்தைக் கண் முன்னால் வைத்துவிட்டால் மனுசன் தானாக வந்து நிற்பார் என்று கணக்குப் போட்டேன்.

ஞானஸ்நானத்தன்று எடுத்த படம் இருந்தது. வெள்ளைக் கவுன், நனைந்த தலை, அழப்போகிற வாய். அதை ஓர் இணையப் பக்கத்தின் நடுவில் வைக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் எதைப் போட்டாலும் இடது ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. பேருந்தில் கண் அயர்ந்தால்கூடப் பிள்ளை வழுக்கி வழுக்கி ஓரத்துக்குப் போவாள், நான் இழுத்து இழுத்து நடுவில் வைப்பேன்.

எனக்குத் தெரிந்த தொழில் தையல். ஆகவே பையிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்துத் திரைக் கண்ணாடியில் வைத்து அளந்தேன். ஜாக்கெட்டுக்கு நடு முதுகு பார்ப்பதுபோல நடுப் பார்த்து, தையல் சாக்கால் ஒரு புள்ளி வைத்தேன். இடப்பக்கம் விட வேண்டிய இடத்தை நூறு பிக்சல், நூற்றைம்பது, இருநூறு என்று கூட்டிக்கொண்டே போனேன். இருநூற்றுப் பதினைந்தில் பிள்ளையின் மூக்கு புள்ளிக்கு நேரே வந்தது. அவரிடம் முன்பே சொல்லிவைத்த முகவரியில் பக்கத்தை இணையத்தில் ஏற்றிவிட்டு, அன்று பேருந்தில் எனக்கு நானே சிரித்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் அவர் போன் செய்தார்.

“பிள்ளையைக் கண்டேன்,” என்றார். பிறகு, “ஏட்டி, பிள்ளைக்க வலது பக்கம் அவ்வளவு எடம் சும்மா கெடக்கே. அது ஆருக்கு?”

“நடுவுல இல்லியா?”

“இல்ல, ஓரத்துல இருக்கா. இந்தப் பக்கம் ஒரு ஆளு நிக்கலாம்.”

எனக்கு மானம் போயிற்று. “அது பெழையாக்கும். ரெண்டு நாளுல செரியாக்கிப் போடுகேன்,” என்று போனை வைத்துவிட்டேன்.

சென்டரில் சொல்லிக்கொடுத்த பெண் என்னைவிட இரண்டு வயது சின்னவள். கண்ணாடியில் இருந்த சாக் புள்ளியைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “அக்கா, அங்க உள்ளது பெரிய திரையாயிருக்கும். சின்னப் பிள்ளைக்கு எடுத்த அளவுல பெரிய ஆளுக்குத் தச்சா சேருமா?” என்றாள். படம் இருக்கும் பெட்டிக்கு ஓர் அகலம் கொடுத்துவிட்டு, இரண்டு பக்கத்து ஓரத்தையும் ‘ஆட்டோ’ என்று எழுதிவிட வேண்டுமாம். திரை எத்தனை பெரிதானாலும் மிச்ச இடத்தை அதுவே சரிபாதியாகப் பிரித்துக்கொள்ளுமாம். எழுதினேன். அசையவில்லை. இது எந்த வகைப் பக்கம் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்ல, பக்கத்தின் தலையில் வர வேண்டிய முதல் வரியை நான் எழுதாமல் விட்டிருந்தேன். அதைக் கண்டுபிடிக்க இன்னொரு நாள் போயிற்று. அந்த வரியைச் சேர்த்து இணையத்தில் ஏற்றித் திறந்ததும் பிள்ளை நடுவில் வந்து உட்கார்ந்தாள். திரையில் பக்கம் தெரிகிற கட்டத்தை இழுத்துச் சிறிதாக்கினேன், பெரிதாக்கினேன். எப்படி இழுத்தாலும் அவள் நடுவில்தான். மழைச் சத்தத்தில் எவ்வளவு நேரம் அப்படி விளையாடினேன் என்று தெரியாது. அவ்வளவு சந்தோசமாக நான் இருந்த நாட்கள் குறைவு.

அடுத்த நாள் போன் வந்தது. “நேத்தே கண்டேன். இப்பம் நடுவுல இருக்கா,” என்றார். குரலில் உயிரே இல்லை.

“ரெண்டு பக்கமும் செரிசமமா இருக்கா?”

“இருக்கு. இனி ஒரு ஆளு நிக்க எடம் இல்ல.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீம்பெல்லாம் எங்கே போயிற்றோ. “நீங்க வாங்க. எனக்கு ஒத்தைக்கு முடியல, வந்துருங்க,” என்றேன்.

“காலையில ஒப்பந்தத்துல ஒப்பு போட்டுக் குடுத்தாச்சு. இனி ரெண்டு வருசம் கழிஞ்சுதான்.”

“எனக்கிட்ட ஒரு வார்த்த கேட்டியளா?” என்று கத்தினேன்.

“கேட்டேனே, ஏட்டி,” என்றார். “அந்த எடம் ஆருக்குன்னு அன்னைக்கே கேட்டேனே.”