ஜெல்லில் தெரிந்த இரண்டாவது கோடு

2025 மார்ச் 18, செவ்வாய்க்கிழமை. ஐந்தேகாலுக்கு எழும்பினேன். காலைச் சாப்பாடு பாணும் சம்பலும். வெள்ளவத்தையில் பஸ் ஏறி ஏழரைக்கு ஆய்வுகூடம். முதல் வேலையாக மீன்தொட்டிகளின் வெப்பநிலையைக் குறித்தேன். பத்து மணிக்கு மின்னஞ்சல் வந்தது.

நாங்கள் திலாப்பியா என்ற குளத்து மீனை ஆராய்கிறோம். கடல் மீனுக்கு நல்ல கொழுப்பமிலங்கள் இரையிலேயே கிடைத்துவிடும். குளத்து மீன் பெரும்பாலும் தானே செய்துகொள்ள வேண்டும். அதைச் செய்யும் மரபணு, மரபணுக்களைப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஒரு கோடாகத் தெரிய வேண்டும். எங்கள் உதவியாளருக்கு ஒவ்வொரு முறையும் இரண்டு கோடுகள் வந்தன. மலையகத்தில் ஹட்டன் பக்கத்துப் பெண். கொழும்பில் கொட்டாஞ்சேனையில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள்.

இரண்டாவது கோடு கைப்பட்டு வந்த அழுக்கு என்று சொல்லி மூன்று தடவை திரும்பச் செய்ய வைத்தேன்.

"அக்கா, இன்னும் கழுவுனா கையில தோலே மிஞ்சாது."

"தோல் போனாலும் பரவாயில்லை பிள்ளை, அந்தக் கோடு போகவேணும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

ஆய்வுகூடப் பதிவேட்டில் அவளுடைய பெயருக்கு நேரே சிவப்பு மையில் 'கைச்சுத்தம் போதாது' என்று எழுதினேன். அவளுடைய வேலையை நீட்டிப்பதா என்று வெள்ளிக்கிழமை முடிவாகும். பேராசிரியர் என்னிடம் கேட்டபோது அந்தப் பக்கத்தைத்தான் காட்டினேன். அழுக்கென்று நிரூபிக்க, இரண்டாவது கோட்டை வெட்டியெடுத்துப் பரிசோதனைக்கும் அனுப்பினேன்.

முடிவு அந்த மின்னஞ்சலில் இருந்தது. அழுக்கு இல்லை. அதே மீனின் மரபணு. முன்னோர் மீனில் எப்போதோ அந்த மரபணு இரண்டாகி, இரண்டாவது பிரதி சற்று மாறியிருக்கிறது. கொழுப்பமிலம் செய்வதில் அதற்கும் பங்கு இருக்கலாம்.

நாலு மணிக்கு அவள் கேட்டாள்: "அக்கா, ரிசல்ட் வந்துருச்சா?"

"இன்னும் இல்லை" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் போன வருட டயரியை எடுத்தேன். அவள் சேருவதற்கு முன் இதே சோதனையை நான் செய்திருந்தேன். என் கையெழுத்து, நேரான வரிகள்: 'மெல்லியதாக இன்னொரு கோடு. அழுக்காக இருக்கும். படத்தில் அந்தப் பகுதியை வெட்டிவிட்டு ஒட்டினேன்.'

எனக்கு வந்த கோட்டை நான் ஒளித்தேன். அவளுக்கு அது வந்தபோது சிவப்பு மையை எடுத்தேன். வெட்டியதைக்கூட ஒழுங்காகக் குறித்துவைத்திருக்கிறேனே என்று நினைக்க முகம் சுட்டது.

புதன் காலை ஏழரைக்குத் தொட்டிகளின் பக்கம் போகவில்லை. அவள் குழாயடியில் குப்பிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ரிசல்ட் நேற்றுக் காலமையே வந்திட்டுது. நான் பொய் சொன்னனான். உம்மட கை சுத்தம்தான். பிழை என்னுடையது."

அவள் குழாயைப் பூட்டவில்லை. "இத சார்கிட்டயும் சொல்லுவீங்களா அக்கா?"

"ஓம்" என்றேன். டயரியையும் பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு, அவள் பார்த்திருக்க, பேராசிரியரின் அறைக் கதவைத் தட்டினேன்.