உயிரோடிருந்த நடிகருக்குப் பூமாலை

டென்மார்க்கில் கொம்யூன் எனப்படும் நகரசபை அலுவலகத்தில் வேலை பார்த்த காலம் முழுவதும் நான் ஒரே வேடம்தான் போட்டேன்: இன்னும் ஓர் ஆவணம் இணைக்க வேண்டும் என்று சொல்லும் ஆள். அதனாலோ என்னவோ, படத்துக்குப் படம் ஆளே மாறிப்போகும் அந்தப் பிரெஞ்சு நடிகர்மேல் எனக்குப் பொறாமை கலந்த பிரியம். ஓய்வு பெற்றபின், ஹொல்ஸ்டெப்ரோ நூலகத்தில் எங்கள் தமிழ்ச் சங்கம் நடத்திய கூட்டத்தில் அவரைப் பற்றி டேனிஷில் பேச ஒப்புக்கொண்டேன். 'ஒரு பிரெஞ்சு நடிகரின் வாழ்வும் பணியும்' என்று நான் கொடுத்த தலைப்பில் அழைப்பிதழ் போனது.

மண்டபத்துக்குள் நுழைந்தால், மேசையில் நடிகரின் பெரிய படம். அதற்குப் பூமாலை. முன்னால் குத்துவிளக்கு. சங்கச் செயலாளர் வெள்ளைச் சட்டையில் துக்கமாக நின்றார்.

"தம்பி, இந்தாள் செத்தவர் எண்டு ஆர் உமக்குச் சொன்னது?"

"நீங்கள்தானே அண்ணை. வாழ்வும் பணியும் எண்டு போட்டனீங்கள். உயிரோட இருக்கிற ஆளுக்கு ஆர் அப்பிடிப் போடுறது?"

எங்கள் மேடைகளில் ஒருவரின் வாழ்வையும் பணியையும் பற்றிப் பேச, அவர் முதலில் சாக வேண்டும். அதுவரைக்கும் அவரைப் பற்றி வாசலில் நின்றுதான் கதைப்போம்.

"மாலையைக் கழட்டும்."

"போட்ட மாலையைக் கழட்டினா அபசகுனம், அண்ணை."

"உயிரோட இருக்கிறவருக்குப் போட்டது மட்டும் நல்ல சகுனமோ?"

வந்திருந்த டேனிஷ்காரர்கள் பூவின் அழகை மெச்சிக்கொண்டிருந்தார்கள். ஒருவரைத் தவிர. நாங்கள் அகதிகளாக வந்தபோது எங்களுக்கு டேனிஷ் படிப்பித்த ஆசிரியை முன்வரிசையில் இருந்தார். எங்கள் செத்தவீடுகள் பலவற்றுக்கு வந்தவர். மாலை போட்ட படம் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். அவரும் கணவரும் இந்த நடிகரின் ஒரு படத்தையும் தவறவிட்டதில்லை. கணவர் போன வருடம் காலமானார். இப்போது தனியாகப் போய்ப் பார்க்கிறார்.

கோட்டைக்கூடக் கழற்றாமல் இருந்தவர், என்னைக் கண்டதும் மெல்லக் கேட்டார்: "இவருமா? எப்போது?"

இல்லை என்று உடனே சொல்லியிருக்கலாம். ஆனால் உறுதிப்படுத்தாமல் எதையும் மறுக்கக் கூடாது என்பது நான் ஓய்வு பெற்றும் என்னை விடாத விதி. அன்று காலையில்தான் செத்திருந்தால்? கைபேசியில் தேடினேன். முந்தின நாள் வந்த பேட்டி ஒன்று கிடைத்தது: புதுப்படம், சிரித்த முகம். அவரிடம் நீட்டினேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு முழுவதையும் வாசித்தார். பிறகு எழுந்து கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டார். எனக்கும் மூச்சு வந்தது.

மாலை இறங்கியது, விளக்கு எரியட்டும் என்று விட்டோம். நான் பேசினேன். இரும்புக்கடைக்காரரின் மகன், பகலில் தபால் பிரித்து இரவில் நாடகம் நடித்தவர், முதலில் விழுந்து எழும்பிச் சிரிக்க வைத்தவர். பிறகு ஒரு படத்தில் வாயே திறக்காத கொலைகாரனாக வந்தார். சிரிக்கப் போனவர்கள் சத்தமில்லாமல் வீடு திரும்பினார்கள். அதன்பின் பாதிரியார், அமைச்சர், மனைவியை இழந்த விவசாயி என்று எதைக் கொடுத்தாலும் அதுவாகவே ஆனார்.

பேச்சு முடிய, கேள்வி கேட்க ஆசிரியை கையுயர்த்தினார்.

"புதுப்படத்தில் சாகிறாரா?"

"தெரியாது. ஏற்றத்தில் சைக்கிள் ஓட்டி முழங்கால் நோகிறது என்று பேட்டியில் முறைப்பாடு செய்கிறார்."

"இந்த வயதில் கவனமாக ஓட்டச் சொல்லுங்கள்."

சொல்லிவிடுகிறேன் என்றேன்.