நடுவில் வைத்த பச்சை

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது, மறதியும் உண்டு. பொறுத்துக்கொள்ளுங்கள். அது வெள்ளைக்காரன் காலம். தென்காசியில் எங்கள் பக்கத்து வீட்டு அத்தை ஒட்டுத்துணிப் போர்வை தைப்பாள். தோளைத் தொடும் காது, அதில் பாம்படம். எந்தத் துணியையும் கன்னத்தில் தேய்த்துப் பார்த்துத்தான் கூடையில் போடுவாள்.

தன் மகனுக்கு நான்தான் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தாள். "கல்யாணப் போர்வை தைக்கணும், துணி பிரிக்க வாட்டி" என்று அந்த ஆவணியில் கூப்பிட்டாள். சாரல் ஓய்ந்து, தோட்டமெல்லாம் கனகாம்பரம் பூத்திருந்தது. குற்றாலத்துக்கு வந்த துரைசானிகள் கழித்த கவுன் துண்டுகளை அத்தை வீட்டுத் தோட்டத்தில் உட்கார்ந்து நிறம் நிறமாகப் பிரித்தேன். என் பச்சைத் தாவணியையும் ஆசையாகக் கிழித்துக் கொடுத்தேன்.

அதைக் கன்னத்தில் தேய்த்தபடி கேட்டாள்: "சுரண்டையில பொண்ணு பேசி முடிச்சாச்சுட்டி. செவத்த பிள்ளையாம். இந்தப் பச்சை அவளுக்கு எடுப்பா இருக்குமா?"

"இருக்கும் அத்தை. நடுவுல வைங்க" என்றேன்.

"ஒங்கண்ணு நல்ல கண்ணுட்டி" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கள்ளமே இல்லை. அதுதான் இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

போர்வை அந்த வீட்டில் இன்னும் இருந்தால், நடுவில் இருப்பது பச்சைதானா என்று யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.