வண்டி பேட்டரியில் சூடாகும் கையுறை

நான் கிராம சுகாதாரச் செவிலியர். மார்கழியிலும் தடுப்பூசிப் பெட்டியோடு ஸ்கூட்டரில் கல்வராயன் மலைக்குப் போவேன். விறைத்த என் கை பட்டாலே, ஊசிக்கு முன்பே குழந்தைகள் வீறிடும். வண்டி பேட்டரியில் சூடாகும் கையுறை வாங்கினேன்.

அதை வண்டியில் மாட்டித் தரச் சொன்னதும் கள்ளக்குறிச்சி மெக்கானிக் சிரித்தார். "நம்மூர் வெயிலுக்கு இன்னாத்துக்குங்க இது?"

எனக்கு வந்ததே கோபம்! ஒயரை நானே நேராக பேட்டரியில் மாட்டினேன். ஆஃப் செய்ய மறந்ததில், காலையில் வண்டி கிளம்பவில்லை. விடுவேனா? சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும்படி, ரிலேயும் ஃப்யூஸும் வைத்து மறுபடி மாட்டினேன்.

மறுநாள் மலையில் கையுறையைக் கழற்றிவிட்டு ஒரு குழந்தையின் தொடையைப் பிடித்தேன். அழாமல் என்னையே பார்த்தது. ஊசி இறங்கிய பிறகுதான் அழுதது. அந்த அழுகை என் கைக்காக இல்லை.