'தொழிலாளர்' என்பதற்குப் பதிலாக 'தொழிலாளர்'

எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக் வாசகசாலையில் நிரந்தரத் தொழிலாளர் குடும்பங்களுக்கு மட்டுமே உறுப்பினர் அட்டை. ஒப்பந்தத் தொழிலாளியின் மனைவி ராணி, தன் மகளுக்கு ஓர் அட்டை வேண்டுமென்று வெகுநாளாகக் கேட்கிறார்.

இன்றைய பொதுக்குழுவுக்கு நான் எழுதிக்கொடுத்த விதித் திருத்தம்: 'நிரந்தரத் தொழிலாளர்' என்பதற்குப் பதிலாக 'தொழிலாளர்' என்று மாற்ற வேண்டும்.

செயலாளர் அதை விதிகள் இருந்த கோப்பிலேயே தட்டச்சு செய்துவிட்டு, எல்லா இடத்திலும் அந்தச் சொல்லை மாற்றும்படி கணினிக்குக் கட்டளை கொடுத்திருக்கிறார். மேற்கோள் குறிக்குள் இருந்ததையும் கணினி விட்டுவைக்கவில்லை.

விதிகளோடு சேர்ந்து அச்சாகி வந்தது: 'தொழிலாளர்' என்பதற்குப் பதிலாக 'தொழிலாளர்' என்று மாற்ற வேண்டும்.

எதிர்ப்பதற்கென்றே ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்திருந்த பக்கத்து குவார்ட்டர்ஸ்காரர் இரண்டு முறை படித்தார்.

"என்னங்க, இதுல மாத்தறதுக்கு என்னா இருக்கு?"

"விதியிலயே அப்படித்தாங்க இருக்கு. பாருங்க," என்றார் செயலாளர்.

பார்த்தார். அப்படித்தான் இருந்தது.

"இதுக்கு ஒரு மீட்டிங்கா? எனக்கு ஆட்சேபணை இல்லப்பா."

ஏகமனதாக நிறைவேறியது.

ராணி எழுந்தார். "அப்ப எம்பொண்ணு புக்கு எடுத்துக்கலாங்களா?"

"உங்க வூட்டுக்காரர் தொழிலாளர்தானேம்மா? தாராளமா எடுத்துக்கலாம்," என்றார் செயலாளர்.

நான் அட்டைக்கான படிவத்தை ராணியிடம் நீட்டினேன்.

பிழை கண்ட நண்பர்கள், அட்டை அந்தப் பெண்ணின் கைக்குப் போன பிறகு கருத்திடவும்.