வெள்ளைச் சேலையும் ஒரு வண்டி விறகும்

இராஜபாளையத்துப் பஞ்சு மில்லில் நூல் சுற்றும் பரிபூரணம் பேய்க்கும் பயப்படமாட்டாள், மேஸ்திரிக்கும் பயப்படமாட்டாள். புருசன் செத்த பின் நாலு வருசம் ஒண்டியாய் வீட்டைக் காத்தவள். அப்பேர்ப்பட்டவளுக்குத் தம்பி பொண்டாட்டியைக் கண்டால் குலை நடுங்கியது.

தம்பி ஞானதுரைக்கு ரங்கூன் அரிசி மில்லில் கணக்குப்பிள்ளை உத்தியோகம். ஆறு வருசமாக ஊர்ப்பக்கம் தலைகாட்டவில்லை. நாற்பத்திரண்டு தை மாதம், ஜப்பான்காரன் குண்டு போட்ட கையோடு, மூன்று மாதக் கர்ப்பிணியான தன் பர்மிய மனைவி மாகினைக் கப்பலேற்றி அக்காளிடம் அனுப்பிவிட்டான். பின்னாலேயே வருவதாகக் கடுதாசியும் கொடுத்துவிட்டிருந்தான்.

தெருவுக்கு அவல் கிடைத்தது. பக்கத்து வீட்டு ஏசம்மாள் காதோடு சொன்னாள்.

“ஏட்டி, அவ கையால பச்சத்தண்ணி வாங்கிக் குடிச்சிராத. பர்மாக்காரிங்க மருந்து வச்சுருவாளுங்க. ஒந்தம்பி இம்புட்டு வருசம் வராமப் போனது எப்படிங்கே?”

பர்மாவில் பாம்பைத் தின்பார்களாம், வழிப்போக்கன் தலையை வெட்டுவார்களாம். சொன்னவர்களில் ஒருவரும் சாத்தூரைத் தாண்டியதில்லை. ஆனாலும் பரிபூரணம் நம்பினாள். மாகின் காலையில் ஏதோ மரக்கட்டையை உரசி முகத்தில் பூசுவதைக் கண்டால் ஜெபம் சொல்லிக்கொள்வாள். தனக்குத் தனியே பொங்கிக்கொண்டாள்.

மாகினுக்கு ரங்கூன் தமிழ் கொஞ்சம் வரும். தயங்கித் தயங்கித் தன் நாட்டைப் பற்றிச் சொல்வாள். அங்கே கடைத்தெருவில் பாதிக்கடை பெண்களுடையது. கலியாணம் ஆனாலும் அவரவர் பேர் அவரவருக்கே. பெண்ணுக்கும் சொத்தில் பங்குண்டு. ஒருநாள், “எங்க ராஜாவை வெள்ளைக்காரன் பிடிச்சு உங்க நாட்டுலதான் வச்சான். திரும்ப விடலை. இங்கேயே செத்தார்” என்றாள். சொல்லும்போது அவள் உதடு நடுங்கியது. ஏன் என்று பரிபூரணம் கேட்டிருக்கலாம். தன் பயமே பெரும்பயமாக இருந்தவளுக்கு அடுத்தவள் பயம் எங்கே கண்ணில் படப்போகிறது!

வைகாசியில் கான்சாபுரத்து ஐயாதுரை எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தான். ரங்கூனிலிருந்து ஞானதுரையோடு காட்டுவழி நடந்தவன். “வாந்திபேதிக்கா. மூணே நாளு. வழியிலேயே பொதச்சிட்டு வந்தோம்” என்றான். மாகின் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை துக்க ஜெபம் என்று வேதக்கோயில் உபதேசியார் நாள் குறித்தார். வருகிறவர்களுக்குச் சோறு போட வேண்டுமே. சனிக்கிழமை காலை கூமாப்பட்டியிலிருந்து ஒரு வண்டி விறகு வந்து கொல்லையில் இறங்கியது. ஆளுயரக் குவியல்.

“எதுக்கு அக்கா?” என்றாள் மாகின்.

“ஒம்புருசனுக்குத்தான், நாளைக்கு.” பரிபூரணம் முகம் பார்க்காமலே ஒரு வெள்ளைச் சேலையை நீட்டினாள். “காலம்பற தலைக்கு ஊத்திட்டு இதக் கெட்டிக்கோ.” அவ்வளவுதான். மில்லுக்குச் சங்கு ஊதிவிட்டது.

சாயங்காலம் வந்து பார்த்தால் வீடு திறந்து கிடக்கிறது. வெள்ளைச் சேலை மடிப்புக் கலையாமல் தரையில் கிடந்தது. ஆளைக் காணோம்.

“வந்த வேல முடிஞ்சுது, மாயமாப் போயிட்டா” என்றாள் ஏசம்மாள்.

“சும்மா கெட!” என்றாள் பரிபூரணம். மாகின் வயிற்றில் இருப்பது தம்பியின் பிள்ளை. அவனுடையதென்று உலகத்தில் இனி வேறொன்றுமில்லை. கிணறு கிணறாக எட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் ரயிலடிக்கு ஓடினாள்.

பஞ்சுப் பொதிகளுக்குப் பின்னால் மாகின் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். பரிபூரணத்தைக் கண்டதும் அலறவில்லை. மண்டியிட்டாள். கைகூப்பி, நெற்றி தரையில் பட மூன்று தரம் கும்பிட்டாள்.

“அக்கா, பிள்ளை பிறக்கட்டும். அப்புறம் என்னை எரிங்க.”

பரிபூரணத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. “என்னட்டி சொல்லுத?”

“புருசன் செத்தா பொண்டாட்டியையும் தீயில வைப்பீங்க. எங்க ஊர்ல எல்லாரும் சொல்வாங்க. நாளைக்குத்தானே? விறகு வந்திருச்சு. குளிக்கச் சொன்னீங்க.”

பரிபூரணம் நின்ற இடத்திலேயே நின்றாள். தானே தன் வாயால் சொன்ன சொல் ஒவ்வொன்றும் இப்போது வேறு மாதிரிக் கேட்டது.

“அடிப் பாவி மவளே, அந்த வெறகு சோறு பொங்கத்தான், ஏட்டி! எங் கழுத்தப் பாரு. எனக்குந்தான் புருசன் இல்ல. என்னைய ஆரு எரிச்சா?”

மாகின் அந்த வெறுங்கழுத்தை வெகுநேரம் பார்த்தாள். பொய்யா மெய்யா என்று அளப்பது தெரிந்தது. பரிபூரணம் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“எரிச்சிருவோம்னு தெரிஞ்சுமா இந்த நாட்டுக்குக் கப்பல் ஏறுன?”

“அவர் பின்னாலேயே வர்றேன்னு சொன்னாரே, அக்கா.”

பரிபூரணம் அவளைக் கட்டிக்கொண்டு, ரயிலடி என்றும் பாராமல் வாய்விட்டு அழுதாள்.