எண்ணூர்க் கரையில் லோகநாதன் கோட்டு

எண்ணூருக்குக் காற்று வாங்கப் போகிறவர்கள் உண்டு. நான் போனது ஓர் ஆளைக் கடலில் மூழ்கடிக்க. பேசும் படம் வந்த பிறகும் ஊமைப் படத்தை விடாத எங்கள் முதலாளிக்குக் காமிராப் பெட்டி தூக்குபவன் நான். சென்ற மாசியில் அவர் எடுத்தது லோகநாதனின் வாழ்க்கை. ராயபுரம் பட்டறையில் தானே விமானம் கட்டி, எண்ணூர் மணலிலிருந்து பறந்தவர். கடல் பக்கம் போனவர் திரும்பவில்லை. பதினைந்து வருஷமாகிறது, உடலும் கிடைக்கவில்லை.

ராயபுரத்தில் பகல் ஒன்றரை மணி வண்டி. எட்டு மைல், மூன்றாம் வகுப்பில் இரண்டணா. ஜன்னலோரம் உட்கார ஆசைப்படாதீர்கள், திருவொற்றியூர் தாண்டுவதற்குள் கண் முழுக்கக் கரி. ஸ்டேஷனிலிருந்து முகத்துவாரம் ஒரு மைல், எல்லாம் மணல். பெட்டியோடு நடந்தால் முதலாளி மேல் இருக்கிற மரியாதை பாதி வழியிலேயே போய்விடும்.

கடைசிக் காட்சிக்காக வைக்கோல் பொம்மைக்கு லோகநாதனின் கோட்டை மாட்டி, தோணியில் கொண்டுபோய்க் கடலில் தள்ள வேண்டும். பறக்கிற காட்சிக்கு என்று சொல்லித்தான் அவர் மனைவி கண்ணம்மாளிடம் முதலாளி கோட்டை வாங்கியிருந்தார். விஷயம் தெரிந்து அந்த அம்மாள் கரைக்கே வந்துவிட்டாள். நெற்றியில் பொட்டு, கழுத்தில் தாலி.

"அவுரு பூட்டாருன்னு யாரும் கண்ணால பாக்கல ஐயா. நீங்க தள்றத ஊரு பாத்துச்சுன்னா, அன்னிக்கே என் தாலிய அறுத்துடுவாங்க."

"படத்துக்கு முடிவு வேண்டாமாம்மா?" என்றார் முதலாளி. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சம்பளக்காரன், காமிராவை முக்காலியில் பொருத்தினேன்.

தோணிக்காரர் மாரி பொம்மையைத் தூக்கினார். அப்போதுதான் கடல் பக்கமிருந்து ஒரு விமானச் சத்தம் வந்தது, தையல் மெஷின் ஓடுகிற மாதிரி. வரவர நெருங்கியது. வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். நானும் பார்த்தேன். வானத்தில் ஒரு காக்கைகூட இல்லை.

மாரி பொம்மையை மணலில் போட்டுவிட்டார். "இன்னா நைனா இது, சத்தம் மட்டும் வந்துகினு கீது? நான் வர்ல, வேற ஆளப் பாரு."

முதலாளியின் கை மட்டும் காமிராவின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருந்தது. சத்தம் எங்கள் தலைக்கு மேல் வந்து சட்டென்று நின்றது. அன்றைக்கு யாரும் எதையும் கடலில் தள்ளவில்லை. கோட்டைக் கழற்றிக் கண்ணம்மாளிடமே கொடுத்துவிட்டு வண்டி ஏறினோம்.

பிலிமைக் கழுவித் திரையில் ஓட்டிப் பார்த்தோம். கரையில் எல்லாரும் வானத்தைப் பார்த்து நிற்கிறார்கள். கண்ணம்மாளின் பார்வை மட்டும் மெல்லத் தாழ்ந்து, மணலுக்கு இறங்கி, நடந்து வருகிற ஒருவரைத் தொடர்வது போலக் காமிரா பக்கம் வருகிறது. காமிராவுக்கு அருகில் நான் நின்ற இடத்துக்கு ஒரு முழம் தள்ளி நிற்கிறது. அங்கே பார்த்துச் சிரிக்கிறாள்.

முதலாளி அதை மறுபடி ஓட்டச் சொல்லவில்லை. படத்தின் முடிவாக அதையே வைத்துவிட்டார். கண்ணம்மாள் கழுத்தில் தாலி அப்படியே இருக்கிறது.

போகிறவர்கள் குடிதண்ணீர் எடுத்துப் போங்கள், அங்கே ஊற்றெல்லாம் உப்பு. திரும்புகிற வண்டி மாலை ஆறு மணிக்கு. முகத்துவாரத்துக்கு இப்போதும் வருகிற அந்த அம்மாள் உங்கள் பக்கத்தில் யாரையோ பார்த்துச் சிரித்தால் பயப்படாதீர்கள். கொஞ்சம் நகர்ந்து இடம் விடுங்கள்.